வெள்ளம் வடிந்த வீட்டுக்குத் திரும்புதல்: கொழும்பு வாசிகளுக்கு முழுமையான வழிகாட்டி

2016 மே மாதம் களனி கங்கை வெல்லம்பிட்டியில் எங்கள் வீட்டுக்குள் மூன்று நாட்கள் குடியிருந்தது. இடுப்பளவுத் தண்ணீர். அது இறங்கியதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தோம், சேற்றைத் தள்ளினோம், கழுவினோம், மூன்றாம் கிழமை வர்ணமும் பூசி முடித்தோம். தெருவிலேயே முதலில் துப்புரவான வீடு எங்களுடையது என்று அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமை. ஆடி பிறந்தபோது அந்த வர்ணம் அப்பளமாக உப்பி உதிர்ந்தது. குளிர்சாதனப் பெட்டி வெள்ளத்துக்குத் தப்பியிருக்கும். ஈரம் காயுமுன் ஆளியைப் போட்டு நாங்களே எரித்துவிட்டோம். சேத விபரம் பதிய ஆள் வந்தபோது காட்டுவதற்கு ஒரு படம்கூட எடுத்து வைத்திருக்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு ஆறு மறுபடி வந்தது. இம்முறை எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. கொலன்னாவ, சேதவத்த, களனி, மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த வரிசையை எழுதி வைக்கிறேன்.

முதலில்: வந்தது எந்த வெள்ளம்?

கொழும்பில் இரண்டு வெள்ளங்கள் உண்டு. ஒன்று மழைவெள்ளம்: ஒரே இரவில் கொட்டித் தீர்த்து, கால்வாய்கள் கொள்ளாமல் தெருவுக்கு வருவது. 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள் தண்ணீர் புகுந்தது இந்த வகை. மழை விட்டால், கால்வாய் அடைபடாமலிருந்தால், பெரும்பாலும் வேகமாக இறங்கிவிடும். மற்றது ஆற்றுவெள்ளம். களனி கங்கை சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து வருகிறது. மலையில் பெய்த மழை கொழும்புக்கு வந்துசேர நேரம் எடுக்கும். ஆகவே கொழும்பில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். ‘மழைதான் விட்டுவிட்டதே’ என்று திரும்பிப்போய் அகப்பட்டுக்கொள்பவர்கள் ஒவ்வொரு தடவையும் இருக்கிறார்கள்.

ஆற்றுவெள்ளமானால் நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் நீர்மட்ட அறிக்கையைப் பாருங்கள். கொழும்புக்கான அளவுகோல் நாகலகம் வீதியில் இருக்கிறது, அடிக்கணக்கில் சொல்வார்கள். 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். ஆற்றின் மேல்பக்கம், ஹங்வெல்லையில் இன்னொரு அளவுகோல். ஹங்வெல்லையில் இறங்கத் தொடங்கிய பிறகும் நாகலகம் வீதியில் ஏறிக்கொண்டிருக்கலாம். இரண்டு இடத்திலும் தொடர்ந்து இறங்குவதைக் கண்ட பிறகே மூட்டையைக் கட்டுங்கள். சந்தேகமானால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் கேட்கலாம்.

முதல்நாள் பகல் வெளிச்சத்தில், பெரியவர்கள் இருவர் போனால் போதும். பிள்ளைகளையும் முதியவர்களையும் முகாமிலோ உறவினர் வீட்டிலோ விட்டுச் செல்லுங்கள். றப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, டோர்ச், குடிதண்ணீர், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய கைபேசி, பென்சில், ஒரு கொப்பி, நீண்ட தடி. தடி எதற்கு என்றால் பாம்புக்கு. ஆறு இழுத்துவந்த நாகமும் விரியனும் அலுமாரிக்கு அடியில், சுருட்டிய பாய்க்குள் ஒதுங்கியிருக்கும். தட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அது தன்பாட்டில் போகட்டும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வாசலில் நின்று வீட்டைப் பாருங்கள்

பெரிய நிலநடுக்கங்களுக்குப் பின் பொறியியலாளர்கள் வீடு வீடாகப் போய் மூன்று நிறங்களில் அட்டை ஒட்டுவார்கள். 2011இல் கிறைஸ்ட்சர்ச்சிலும் 2015இல் காத்மண்டுவிலும் அப்படிச் செய்தார்கள். பச்சை என்றால் குடியிருக்கலாம், மஞ்சள் என்றால் கவனத்தோடு உள்ளே போய்வரலாம், சிவப்பு என்றால் காலே வைக்கக்கூடாது. நம் ஊரில் வெள்ளத்துக்குப் பின் எல்லா வீட்டுக்கும் அப்படி ஆள் வரமாட்டார். அதனால் அந்த மூன்று நிறத்தையும் மனத்தில் வைத்து நாமே ஒரு சுற்று வருவோம்.

அத்திவாரத்தின் ஓரத்தில் மண் அரித்துப்போய்க் கீழே வெற்றிடம் தெரிகிறதா? தூண் சாய்ந்திருக்கிறதா? கூரை ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சிவப்பு. வெளியிலேயே நின்று படம் எடுத்துக்கொண்டு பொறியியலாளரையோ பிரதேச செயலகத் தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ கேளுங்கள்.

வெடிப்புகளில் தலைமயிர் போன்றவை பெரும்பாலும் பூச்சோடு முடிந்துவிடும். யன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப்போலக் குறுக்காக இறங்கி, நாணயத்தின் விளிம்பு நுழையுமளவு வாய்திறந்த வெடிப்பு என்றால் மஞ்சளாவது போடவேண்டும். அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு கீறித் தேதி எழுதுங்கள். ஒரு கிழமை கழித்து வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் வீடு இன்னும் அசைகிறது என்று பொருள். கதவு இறுகியிருந்தால், பலகை ஊறியதா, நிலையே சரிந்துவிட்டதா என்று குழம்பவேண்டாம். நிலையின் எதிரெதிர் மூலைகளைக் கயிற்றால் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றானால் பலகைதான் ஊதியிருக்கிறது.

மதிலை மறந்துவிடாதீர்கள். ஈரமண் ஒரு பக்கமிருந்து தள்ள, தண்ணீர் வடிந்து இரண்டு மூன்று நாள் கழித்தும் மதில் விழும். அதன் நிழலில் கதிரை போட்டு உட்காரவேண்டாம்.

மின்சாரமும் எரிவாயுவும்

தண்ணீரில் நின்றபடி மின்சாரப் பெட்டியைத் தொடக்கூடாது. பெட்டி உலர்ந்த இடத்தில், நீங்களும் உலர்ந்த தரையில் நின்றால் மட்டும் பிரதான ஆளியை அணையுங்கள். பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தாலோ வெளியே வயர் அறுந்து கிடந்தாலோ அறிவித்துவிட்டு விலகியிருங்கள்: மின்சார சபையானால் 1987, லெக்கோ மின்சாரக் கம்பனியானால் 1910. யாருடைய இணைப்பு என்பது மாதப் பட்டியலின் தலைப்பில் இருக்கும்.

மின்கசிவில் தானாக அணையும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்ற தைரியம் ஆபத்தானது. அதுவும் நனைந்ததுதானே? நனைந்த ட்ரிப் சுவிட்சையும் பிளக் பொயின்ட்களையும் மாற்றித்தான் ஆகவேண்டும். தகுதியுள்ள மின்னியலாளர் ஒவ்வொரு வழியாகச் சோதிக்கும்வரை மெழுகுதிரியோடு இருக்கலாம். அந்த மெழுகுதிரியை ஏற்றுமுன் எரிவாயுவைக் கவனியுங்கள். சிலிண்டர் மிதந்து உருண்டிருக்கும். வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, வெளியே நிமிர்த்தி வையுங்கள். றப்பர் குழாய் நனைந்திருந்தால் புதிதாக வாங்குவதே நல்லது.

குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், மோட்டார் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்: திறந்து உலர்த்தி, திருத்துபவர் பார்த்த பிறகே ஆளி. மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, கார் ஆகியவற்றின் சாவியை ‘ஒருமுறை பார்ப்போமே’ என்று திருப்பவே வேண்டாம். எஞ்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு திருப்பலே உள்ளே பிஸ்டன் தண்டை வளைத்துவிடும்.

கழுவுவதற்கு முன் படம்

எங்கள் வீட்டில் 2016இல் தவறிய படி இது. சேறு கிடக்கும்போதே, தண்ணீர் நின்ற கறைக்கோடு தெரியும்போதே படம் எடுங்கள். முதலில் வாசலும் வீட்டு இலக்கமும் சேர்ந்து விழும்படி ஒன்று. பிறகு ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலைகளிலிருந்து. கறைக்கோட்டின் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி எடுத்தால் உயரம் சொல்லாமலே விளங்கும். பொருட்களைத் தனித்தனியாக எடுத்து, தயாரித்தவர் பெயரும் தொடரிலக்கமும் தெரியும்படி கிட்டவும் எடுங்கள். அன்றிரவே வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ இருக்கும் ஒருவருக்கு எல்லாவற்றையும் அனுப்பி வையுங்கள். கைபேசி தொலைந்தாலும் படம் இருக்கும். கொப்பியில் பொருள், வாங்கிய ஆண்டு, உத்தேச விலை என்று பட்டியல் போடுங்கள்.

பிறகு கிராம உத்தியோகத்தர். உங்கள் வீட்டுச் சேதம் அவர் ஊடாகவே பிரதேச செயலகத்துக்குப் போகிறது. அவர் வரும்வரை காத்திராமல், பட்டியலின் பிரதியோடு நீங்களே போய்ப் பதியுங்கள். டித்வாவுக்குப் பின் வீட்டைத் துப்புரவாக்க அரசு 25,000 ரூபாய் அறிவித்தது. இத்தகைய கொடுப்பனவு எதுவானாலும் உங்கள் பெயர் பட்டியலில் இருந்தால்தான் கைக்கு வரும். தோட்டங்கள் என்று நாம் சொல்லும் நெருக்கமான நகரக் குடியிருப்புகளில் ஒரே வரி இலக்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருப்பது நமக்குத் தெரியும். தாளில் அது ஒரு வீடாகவே தெரியும். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் போய், தனிச் சமையல், தனிக் குடும்பம் என்று எழுத்தில் கொடுக்கவேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரர் பதிவார் என்று இருந்துவிடாதீர்கள். அவர் பதிவது கட்டடத்தை; உங்கள் மெத்தையையும் தையல் இயந்திரத்தையும் யாரும் பதியமாட்டார்கள்.

படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால், விளங்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம். தமிழும் அரசகரும மொழி; தமிழில் எழுதிக் கொடுக்கலாம், தமிழில் பதில் கேட்கலாம். கேட்டால் முகம் சுளிப்பவர்களும் உண்டு, ஓடிப்போய் தமிழ் தெரிந்த சக உத்தியோகத்தரை அழைத்துவருபவர்களும் உண்டு. இரண்டையும் நான் ஒரே நாளில், ஒரே மேசையில் பார்த்தேன். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சேறு

சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளவேண்டும். காய்ந்துவிட்டால் சீமெந்தாகிவிடும், உடைக்கும்போது தூளாகி மூச்சுக்குள் போகும். பின்னறையிலிருந்து வாசலை நோக்கி வேலை செய்யுங்கள். முதலில் தடித்த சேற்றை மண்வெட்டியாலும் பழைய தட்டாலும் வாளிக்குள் அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றுவது அதற்குப் பிறகு. எடுத்த எடுப்பில் ஊற்றினால் சேறு கரைந்து சுவருக்கும் தரைக்கும் இடையில் போய்க் குந்திக்கொள்ளும். பிறகு தும்புத்தடியும் சவர்க்காரத் தண்ணீரும். கடைசியாகக் கிருமிநீக்கி: 5 வீதக் குளோரின் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. சேறு இருக்கும் இடத்தில் குளோரின் ஊற்றுவது காசை ஊற்றுவதுதான். அழுக்குக்கு முன் அது வேலை செய்யாது. மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு குளோரினைக் கலக்கவே கூடாது. எழும் வாயு நெஞ்சை அடைக்கும்.

எதை வைத்துக்கொள்வது? பலாப்பலகை, தேக்குச் சாமான்கள் பிழைக்கும். நிழலில் மெல்லக் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் வளையும். மரத்தூளை அழுத்திச் செய்த மேசை அலுமாரிகள் ஊதிவிட்டால் முடிந்த கதை. பஞ்சு மெத்தை, தலையணை, நனைந்த அரிசி மூட்டை, மாவு, மருந்து எல்லாம் போகவேண்டும். ‘வெயிலில் போட்டால் சரியாகிவிடும்’ என்று மாமி ஒருவர் மெத்தைக்காக என்னோடு அரைமணி நேரம் வாதாடினார். நான் தோற்றுப்போனேன். பத்து நாளில் அந்த நாற்றம் எனக்காக வாதாடியது.

தகரத்தில் அடைத்த உணவு நசுங்காமல், உப்பாமல் இருந்தால் கழுவிக் குளோரினில் தோய்த்துப் பாவிக்கலாம். கோப்பை, சட்டி, பானையும் அப்படித்தான். வெடிப்புள்ள பிளாஸ்ரிக்கும் மரக்கரண்டியும் வேண்டாம்.

குப்பையைக் கால்வாயில் தள்ளுபவர்களோடு சண்டை பிடியுங்கள். நம் பக்கத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. சாமான்களைத் தெருவோரம் வகைபிரித்து வையுங்கள்: மெத்தையும் மரமும் ஓரிடம், இலத்திரனியல் ஓரிடம், அழுகியவை ஓரிடம். நகரசபை லொறி வகைபிரித்த குவியலை முதலில் ஏற்றுவதைக் கண்டிருக்கிறேன்.

தண்ணீர், மலசலகூடம், காய்ச்சல்

கொழும்புக்கு வரும் குழாய்நீரின் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்தே எடுத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. வெள்ளத்தில் அழுத்தம் குறைந்தால் நிலத்தடிக் குழாயின் கீறல் வழியாக அழுக்கு உள்ளே இழுபடும். ஆகவே சில நாட்களுக்குக் குடிக்கவும் பல் துலக்கவும் கொதிக்கவைத்த தண்ணீர்தான். நிலத்தடித் தொட்டி மூழ்கியிருந்தால் அதை இறைத்துக் கழுவுமுன் மோட்டாரால் மேல் தொட்டிக்கு ஏற்றாதீர்கள். ஏற்றினால் இரண்டையும் கழுவவேண்டி வரும். கிணற்றுக்கு எவ்வளவு குளோரின் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அளந்து போடுவார், அதை நாமாகச் செய்வது நல்லதல்ல.

மலக்குழியை உடனே உறிஞ்சுவிக்கத் தோன்றும். பொறுங்கள். சுற்றியுள்ள மண் நீரில் ஊறியிருக்கும்போது குழியை வெறுமையாக்கினால் அது மேலெழும்பும், அல்லது சுவர் உள்ளே இடியும். நிலத்தடி நீர் தாழ்ந்த பிறகு பவுசரைக் கூப்பிடுங்கள்.

சேற்றில் இறங்கிய எல்லாருக்கும் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பு மருந்தாக டொக்சிசைக்கிளின் கொடுப்பார்கள்; கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் அதைத் தாமாக எடுக்கக்கூடாது, அங்கேயே கேட்கவேண்டும். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் என்று ஏதாவது வந்தால் ‘வெள்ளத்தில் நின்றேன்’ என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். அதே காலத்தில் டெங்குவும் வரும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை சொச்சம் போதும். வெளியே போட்ட கோப்பை, டயர், கூரைப் பீலி எல்லாவற்றையும் கிழமைக்கொரு நாள் கவிழ்த்துப் பாருங்கள். எந்தக் காய்ச்சலுக்கும் பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரையை நீங்களாகப் போடவேண்டாம். டெங்குவானால் இரத்தக்கசிவைக் கூட்டும்.

கடதாசிகள்

நனைந்த உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பெறுபேறு ஆகியவற்றை இழுத்துப் பிரிக்காதீர்கள். வெள்ளைத்தாளை இடையிடையே செருகி, விசிறிக்காற்றில் நிழலில் உலர்த்துங்கள். நேரமில்லையென்றால் பொலித்தீன் பையில் இட்டு அயல்வீட்டு உறைபெட்டியில் வைக்கலாம். பூஞ்சணம் பிடிக்காது, ஆறுதலாகப் பிறகு பார்க்கலாம். ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைச் சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் தானாகக் கழன்று வரும். எங்கள் அப்பாவின் கலியாணப் படம் அப்படித்தான் மீண்டது. அம்மாவின் சேலைக்கரை மட்டும் கரைந்துவிட்டது.

தொலைந்தவற்றுக்கு முதலில் பொலிஸ் முறைப்பாடு. எல்லா ஆவணத்தையும் ஒரே முறைப்பாட்டில் சொல்லிப் பல பிரதி எடுங்கள். அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தர் வழியாக ஆட்பதிவுத் திணைக்களம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதி பிரதேச செயலகத்தில். உறுதி போய்விட்டதே என்று அழுபவர்களுக்கு: காணிப் பதிவகத்தில் பிரதி இருக்கும், எழுதிய நொத்தாரிசிடமும் இருக்கும். காணி அங்கேயே இருக்கிறது.

உலர்த்துதலும் திருத்துதலும்

வீடு சுத்தமாகிவிட்டது என்றவுடன் கை துருதுருக்கும். கட்டுப்படுத்துங்கள். செங்கல்லும் கபுக் என்ற செம்பாறைக் கல்லும் குடித்த தண்ணீர் மாதக்கணக்கில் வெளியே வரும். வரும்போது உப்பையும் கூட்டிவரும். எங்கள் மேசன் பாஸ், நாற்பது வருடம் கரண்டி பிடித்தவர், 2016இல் சொன்னார்: “தம்பி, சுவர் அழுது முடியட்டும், பிறகு பூசுவோம்.” அவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பிடித்தோம். 2025இல் அவரையே தேடிப்போனோம்.

சுவர் காய்ந்ததா என்பதற்கு ஒரு சோதனை: ஒரு சதுர அடிப் பொலித்தீனைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் இறுக்கி ஒட்டுங்கள். மறுநாள் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. தரைக்கு மேல் ஓரடியில் ஒன்று, கறைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் பாருங்கள்; கீழ்ப்பகுதி பிந்தித்தான் காயும். அதுவரை யன்னலைத் திறந்து, அலுமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். விரல்மொட்டால் தட்டும்போது பொள்ளலாக ஒலிக்கும் பூச்சைக் கொத்தி அகற்றுங்கள். ஈரச் சுவரில் சீமெந்து பூசி ‘நீர்த்தடுப்பு’ வர்ணம் அடித்துத் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்புங்கள். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

வெள்ளத்துக்குப் பின் நாட்கூலி ஏறும், மணல் விலை ஏறும். குடியிருக்கத் தேவையானவை முதலில்: மின்சாரம், மலசலகூடம், ஒரு படுக்கையறை, குசினி. மற்றவை மூன்று மாதம் கழித்து மலிவாகவும் நன்றாகவும் முடியும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காமல் வேலை முடிந்த கட்டத்துக்குக் கட்டமாகக் கொடுங்கள்.

அடுத்த வெள்ளத்தை மனத்தில் வைத்துச் சில மாற்றங்கள். பிளக் பொயின்ட்களைக் கறைக்கோட்டுக்கு மேலே ஏற்றி, வயரைக் கூரையிலிருந்து கீழே இறக்குங்கள். குசினியில் மரப்பெட்டிகளுக்குப் பதில் கொங்கிறீட் தட்டும் அலுமினியக் கதவும். குளிர்சாதனப் பெட்டிக்குச் சீமெந்து மேடை. கடதாசிகளுக்கு மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி ஒன்று, பரணில். பின்வளவில் தண்ணீர் நின்ற தாழ்நிலத்தை மண்போட்டு உயர்த்தும் ஆசை வரும். நாம் நிரப்பினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். எல்லாரும் நிரப்பினால் திரும்ப நம் கூடத்துக்கே வரும். சதுப்பு நிலத்தை அனுமதியின்றி நிரப்புவது சட்டப்படியும் குற்றம்.

வர்ணம் பூசும் நாள் வந்ததும், கறைக்கோடு மறைவதற்கு முன், அதே உயரத்தில் ஓர் ஆணி அடித்து ஆண்டை எழுதுங்கள். எங்கள் கூடத்தில் இப்போது இரண்டு ஆணிகள் இருக்கின்றன. புதிய பிளக் பொயின்ட்கள் மேல் ஆணிக்கும் மேலே ஒரு சாண் உயரத்தில். கைபேசியைச் சார்ஜ் போட அம்மாவுக்கு எட்டவில்லை. ஒரு முக்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.